மஞ்சள் சிவக்கும்வரை

ஜன்னல் படியில் கசகசா சிந்திக் கிடந்தது என்று அம்மா சொன்னாள். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் அடுக்களை ஜன்னல் அது. ஒரு சிட்டிகை அளவுதான். துடைத்துப் போட்டாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே அளவு. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள். "மக்களே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. இது எலிப்புழுக்கையும் இல்ல, மாவும் இல்ல."

போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் எடுத்து, அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாகச் செதுக்கி வைத்தது போல இருந்தது. உலர்மரக் கரையானின் எச்சம். நாம் அறிந்த புற்றுக் கரையான் வேறு. அதற்கு மண் வேண்டும், ஈரம் வேண்டும், சுவரில் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். இது எதுவும் கட்டாது. மரத்துக்குள்ளேயே குடும்பம், மரத்துக்குள்ளேயே சாப்பாடு. மரத்தில் இருக்கும் சொற்ப ஈரம் அதற்குப் போதும். வீடு நிறைந்தால் ஒரு சின்னத் துளை போட்டு எச்சத்தை வெளியே தள்ளும். நான் விரலால் ஜன்னல் நிலையைத் தட்டினேன். பறை தட்டியது போல வெற்றொலி கேட்டது.

இந்த ஜன்னலுக்கு மருந்து அடிக்காமல் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் வந்து, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவிலிருந்து ஏதோ எண்ணெயைத் தூரிகையால் பூசிவிட்டுப் போனார். இரண்டு மாதம் வீட்டில் அந்த நெடி. அம்மா இருமி இருமித் திண்ணையில் படுத்தாள். என்ன மருந்து என்று அவரிடம் கேட்டதற்கு, "நல்ல ஸ்ட்ராங்கான சரக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை. அந்த ஸ்ட்ராங்கான சரக்கு வார்னிஷுக்கு மேலேயே நின்றுவிட்டது. பூச்சி உள்ளே பத்திரமாக இருந்தது. நெடியைக் குடித்தது அம்மா மட்டும்தான்.

அந்தக் கோபம்தான் என்னைக் கிளப்பியது. மரத்தைக் காப்பாற்றவும் வேண்டும், வீட்டில் இருப்பவர்களைக் கெடுக்கவும் கூடாது. இதற்கு வழி தெரிந்தவர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கத்தான் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மரத்தால் வாழ்ந்த நாடு. இரண்டு பருவமழையும் பெய்கிற, பூச்சிக்கு எப்போதும் பந்தி விரித்திருக்கிற நாடும்கூட. பையில் இரண்டு சட்டையும் ஒரு நோட்டுமாகக் கிளம்பினேன்.

முதலில் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் சேருமுன் உள்ளே போய்விட்டேன். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்து, மார்த்தாண்ட வர்மா காலத்தில் புதுப்பிக்கப்பட்ட மர அரண்மனை. 1956-க்குப் பிறகு இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். வழிகாட்டிகள் பூமுகத்தின் கூரையில் இருக்கும் 90 வகைப் பூக்களைக் காட்டுவார்கள். 64 மூலிகை மரங்களால் செய்தது என்று சொல்லப்படும் கட்டிலைக் காட்டுவார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் அன்று குனிந்துகொண்டே நடந்தேன். தூண்களின் கால்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தால் எண்ணெய் ஊறிய தோல் போல இருக்கிறது. அதன் அழகை எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு. இங்கே மரம் மண்ணைத் தொடுவதே இல்லை. தூணுக்கு அடியில் கல். சுவருக்கு அடியில் உயரமான அடித்தளம். ஓட்டுச் சரிவு சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கி, சாரல் மழையை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. முகப்பின் மரச்சட்டங்களுக்கு நடுவே காற்று நுழைந்து உத்திரங்களைத் தடவிக்கொண்டு போகிறது. மழைநீர் மரத்தில் தங்காது, தங்கினாலும் காய்ந்துவிடும். மருந்து என்ற பேச்சுக்கு முன்னால் கட்டியவன் செய்துவைத்த காரியங்கள் இவை. நம் வீடுகளில் சிமெண்ட் தரையைக் கதவு நிலையின் காலோடு சேர்த்துப் பூசிவிட்டு, தினமும் அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம்.

அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய பட்டறை. மூத்தாசாரிக்கு எண்பதை நெருங்கும் வயது. பேரன் மெஷினில் இழைக்க, அவர் முற்றத்தில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். நான் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த கசகசாவைக் காட்டினேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோகாமலே சொன்னார். "இது உள்ளே குடியிருக்கப்பட்ட கரையான். மாவா கொட்டுச்சுன்னா உளு. மண்ணு ஏறுச்சுன்னா புத்துக்காரன். மூணுக்கும் மூணு வைத்தியம் மக்கா."

"உளுன்னா வண்டுதானே பாட்டா?"

"வண்டு போன பொறவுதான் நமக்கு ஓட்டையே தெரியும்" என்றார்.

உண்மை. குண்டூசித் தலையளவு துளை என்பது வண்டு நுழைந்த வழி இல்லை, வெளியேறிய வழி. தாய் வண்டு மரத்தின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளுக்குள் முட்டையிடுகிறது. புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்று, வளர்ந்து, சிறகு முளைத்த பிறகே துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அது தேடுவது மரத்திலிருக்கும் மாவுச்சத்தை. அதனால்தான் மரத்தின் வெள்ளைப் பகுதியை மட்டும் தின்றுவிட்டு, வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

பாட்டா ஒரு தேக்குத் துண்டை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெளிறிய நிறம், அதற்குள் பழுப்பு. "அந்தக் காலத்துல அயனியும் பிலாவும் எண்பது வருசம் நின்ன மரமா வரும். வெள்ளையைச் செத்தி விறகுக்குப் போட்டுடுவோம். இப்ப இருபது வருசத் தேக்கு வருது. வெள்ளையைச் செத்தினா மிச்சம் என்ன இருக்கு?" தேய்பிறையில் வெட்டுவார்களாம். வெட்டிய தடியைக் கோடைக்கு முன்னால் குளத்தில் அமிழ்த்திவிட்டு, மாதங்கள் கழித்து நாற்றமடிக்கும்போது எடுப்பார்களாம். அந்த நாற்றம்தான் சங்கதி. தண்ணீரில் மாவும் சர்க்கரையும் கரைந்து, மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிட, வண்டுக்குச் சக்கைதான் மிஞ்சும். கூரைக் கழுக்கோலின் முனைகளில் அண்டி எண்ணெய் பூசுவதும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடிக்கிற கறுப்பு எண்ணெய். பட்ட இடம் வெந்துவிடும். எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸில் வேலை செய்த பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்புறம் கமாக்சின் வந்துச்சு" என்றார். "மண்ணெண்ணெயில கரைச்சு வெறுங்கையால அடிச்சோம். பூச்சி அண்டாது. மூணு நாளு சோறும் இறங்காது."

கமாக்சின் என்று ஊர் அழைத்தது பி.எச்.சி. வகைப் பூச்சிக்கொல்லியை. ஆல்ட்ரின், டீல்ட்ரின் எல்லாம் அதே குடும்பத்துச் சரக்கு. ஒரு தலைமுறை முழுக்கக் கட்டடங்களின் அடியிலும் மரத்திலும் இவை இறங்கின. வருடக்கணக்கில் அழியாமல் இருப்பதுதான் அவற்றின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்த அழியாமைதான் வினையாகவும் முடிந்தது. மண்ணில், மீனில், தாய்ப்பாலில்கூட அவை தங்கின. இந்தியாவில் ஆல்ட்ரின் 1996-இல் தடைசெய்யப்பட்டது. பி.எச்.சி. 1997-இல். அதன் வடித்த வடிவமான லிண்டேனின் உபயோகம் 2013-இல்தான் நின்றது. புற்றுக் கரையானுக்காக அஸ்திவாரத்தில் ஊற்றப்பட்டுவந்த குளோர்பைரிபாஸையும் 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சில விலக்குகளுடன், ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் வந்த நாளில் நல்ல மருந்து என்றுதான் வந்தது. பாட்டாவின் கைகளைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். தோல் உரிந்து உரிந்து நகக்கண்கள் மறைந்துபோயிருந்தன. மருந்தாலா, இத்தனை வருட உழைப்பாலா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மருந்தையும் இங்கே சொல்ல வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசம் என்ற இந்தியர் 1933-இல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசல் கண்டுபிடித்தார். 'ஆஸ்கு' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் போயிற்று. அதற்கு முன் இருந்த உப்புக் கரைசல்கள் மழையில் கரைந்து ஓடின. காமேசத்தின் கரைசலோ மரத்தின் நாரோடு பிணைந்து நின்றுவிட்டது. கம்பங்களும் ரயில் கட்டைகளும் பல மடங்கு காலம் உழைத்தன. எத்தனை காடு அதனால் பிழைத்தது என்று நினைத்தால் அவரை வணங்கத்தான் தோன்றுகிறது. ஆனால் ஆர்சனிக் ஆர்சனிக்தான். அந்த மரத்தை அறுத்தால் தூளில் விஷம், எரித்தால் சாம்பலில் விஷம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் போடுவதை உற்பத்தியாளர்களே விட்டுவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற கட்டைக்கு ஒரு நியாயம், குழந்தை கை வைத்து எட்டிப் பார்க்கிற ஜன்னலுக்கு வேறு நியாயம்.

மறுநாள் குலசேகரம் பஸ்ஸில் ஏறினேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. அழகியமண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர். ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை, அதன் மேல் மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை. 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு மரம் ஓய்ந்ததும் வெட்டுவார்கள். என் சின்ன வயதில் அந்தத் தடியெல்லாம் செங்கல் சூளைக்கும் ஓட்டுச் சூளைக்கும் விறகாகத்தான் போயிற்று. காரணம், ரப்பர் மரத்துக்கு வைரமே கிடையாது. உடல் முழுக்க வெள்ளை; வெள்ளை முழுக்க மாவும் சர்க்கரையும். டேராடூனில் மரங்களின் ஆயுளை அளக்க மயானச் சோதனை என்று ஒன்று செய்கிறார்கள். கட்டைகளை வரிசையாக மண்ணில் பாதி புதைத்து, எது எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்ப்பது. 120 மாதம் தாங்கினால் முதல் வகுப்பு, 60 மாதம்கூடத் தாங்காதது மூன்றாம் வகுப்பு. ரப்பர் மரம் மூன்றாம் வகுப்பு. அப்படிப்பட்ட மரம் இன்றைக்குக் கட்டிலாகவும் மேஜையாகவும் பள்ளிக்கூட பெஞ்சாகவும் நிற்கிறது என்றால், நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் ரப்பர் மரம் அறுக்கும் ஒரு மில்லுக்கு வந்தேன்.

மில்லின் ஃபோர்மேன் நாற்பது வயதுக்காரர். "அண்ணாச்சி, மருந்து எங்கே இருக்கு?" என்று கேட்டதும் ஒரு மூலையைக் காட்டினார். வெள்ளைச் சாக்குகள். ஒன்றில் போரக்ஸ், மற்றொன்றில் போரிக் அமிலம். எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாகவே இருந்தது. போரக்ஸ் என்பது நம் வெங்காரம். தங்கம் பற்றவைக்கிற பத்தர் பட்டறையில் பார்த்திருக்கிறேன். சித்த வைத்தியர் கடையில் பார்த்திருக்கிறேன். லடாக்கில் பூகா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் இயற்கையாகப் படிந்து கிடப்பது. போரிக் பவுடரைத் தெரியாதவர்கள் இல்லை. கேரம் போர்டில் காய் வழுக்கி ஓடத் தூவுகிற அதே பவுடர். இதற்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை.

"இதுதான் மருந்தா?"

"இதுதான் மருந்து. ஆனா மரம் பச்சையா இருக்கணும் தம்பி. அதுல ஒரு நாளு பிந்துனாலும் கதை கெட்டுச்சு."

வெட்டிய தடி மழைக்காலத்தில் சில நாளிலேயே நீலம் பாயும். பூஞ்சை அது. அடுத்து வண்டு. அதனால் தடி வந்த வேகத்தில் அறுக்கிறார்கள். பலகைகளை டிராலியில் அடுக்கி, படுக்கவைத்த பாய்லர் போன்ற நீண்ட இரும்புச் சிலிண்டருக்குள் தள்ளி, கனத்த கதவைப் போல்ட் முடுக்கி மூடுகிறார்கள். முதலில் பம்ப் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. மரத்தின் நாளங்களுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து வெளியேறிவிடும். அந்த வெறுமைக்குள் கரைசலைத் திறந்துவிட்டு, பிறகு பிரஷர் கொடுக்கிறார்கள். மூன்று பங்கு வெங்காரத்துக்கு இரண்டு பங்கு போரிக் அமிலம் என்பது கணக்கு. தனித்தனியாகத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கரைகின்றன. ஒன்றிரண்டு மணி நேரம். கதவைத் திறந்தபோது பலகைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே தொட்டி பிடித்து, சொட்டியதை மறுபடி டேங்குக்கே அனுப்பினார்கள். பிறகு டிரையருக்குள் வைத்து உலர்த்துவது.

சிலிண்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. மில்லின் பின்புறம் கொட்டகையில் சின்ன ஆர்டர்களுக்கு அதைச் செய்கிறார்கள். ஈரப் பலகையைக் கெட்டியான சூடான கரைசலில் முக்கி எடுத்து, காற்றுப் புகாமல் நெருக்கமாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடிவிடுவது. அவ்வளவுதான். மூன்று, நான்கு வாரம் அப்படியே விட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் போரான் (வெங்காரத்திலும் போரிக் அமிலத்திலும் இருக்கும் சத்து அதுதான்), மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் வழியாக மெல்ல மெல்ல நடுவரை நடந்துபோகும். மரம் காய்ந்துவிட்டால் அதற்கு நடக்க வழி இல்லை. எந்த ஈரத்தைத் தேடிப் பூஞ்சை வருகிறதோ, அதே ஈரத்தில் ஏறிக் காவல்காரனும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறான்.

உள்ளே போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஃபோர்மேன் அலமாரியைத் திறந்தார். இரண்டு குப்பி. ஒன்றில் மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்த சாறு. மற்றதில் சாலிசிலிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்த ஸ்பிரிட். அதை அவர் கையுறையோடுதான் தொட்டார். சிலிண்டரிலிருந்து வந்து உலர்ந்த பலகையைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தில் மஞ்சள் சாற்றைத் தடவினார். கோயில் நூல் நிறம். காய்ந்ததும் இரண்டாவது குப்பியிலிருந்து தடவினார். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முகம் முழுக்கக் குங்குமமாகச் சிவந்தது. பக்கத்தில் மருந்து ஏறாத ஒரு துண்டுக்கும் அதையே செய்தார். அது மஞ்சளாகவே இருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று ஆரத்தித் தட்டில் பார்த்திருக்கிறேன். போரானும் மஞ்சளைச் சிவக்கவைக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் இப்படி ஒரு சோதனையைக் கேட்டிருக்க முடியுமா?

மருந்து ஏறிய மரத்தைத் தின்றால்தான் பூச்சி சாகும். கரையானின் குடலில் வாழ்ந்து மரத்தைச் செரித்துக்கொடுக்கும் நுண்ணுயிர்களையும் பூச்சியின் செரிமானத்தையுமே போரான் கெடுத்துவிடுகிறது. காற்றில் ஆவியாகி நம் மூச்சில் கலப்பதில்லை. நான் கேள்விப்பட்ட மருந்துகளில் வீட்டுக்குள் வைக்கத் தகுந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாதுகாப்பானது என்ற சொல்லை அளந்துதான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பவுடரைக் குழந்தைக்குப் பூசுவதோ, தெரியாமல் உணவில் சேர்ப்பதோ ஆபத்து. மில்லில் சாக்கு பிரித்துக் கொட்டுகிற பையன் முகமூடி கழுத்தில் தொங்க நின்றான். ஃபோர்மேன் ஒரு அதட்டுப் போட்டதும் மேலே ஏற்றிக்கொண்டான். அந்த அதட்டும் மருந்தில் ஒரு பங்குதான்.

இன்னொரு குறையும் உண்டு. போரான் மரத்தோடு பிணைவதில்லை. தண்ணீரில் வந்தது தண்ணீரிலேயே போய்விடும். மழையில் நிற்கிற வேலிக்காலுக்கும், மண்ணில் புதைகிற கட்டைக்கும், குளச்சல் கடலில் இறங்குகிற படகுக்கும் இது ஆகாது. அங்கே ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துகள் இப்போது இருக்கின்றன. இல்லையென்றால் கல்லையும் இரும்பையும் நாட வேண்டும். மூத்தாசாரி மூன்று பூச்சிக்கு மூன்று வைத்தியம் என்றார். மரம் நிற்கிற இடத்துக்கும் அப்படித்தான்.

எங்கள் ஜன்னலுக்கு அங்கேயே ஆர்டர் கொடுத்தேன். பழைய நிலையைக் காப்பாற்ற முடியாது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. கதவு நிலைகளில் இன்னும் உயிர் இருக்கிறது. அவற்றுக்கு வார்னிஷை முழுக்கச் சுரண்டி வெறும் மரம் தெரியவைத்து, போரான் கரைசலைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். துளைகளில் ஊசியால் ஏற்ற வேண்டும். கால் பக்கம் சிமெண்டை உடைத்து நிலைக்கு அடியில் கல் கொடுக்க வேண்டும். அதைத் தக்கலைப் பாட்டாவின் பேரன் வந்து செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

நான் மறுபடி மில்லுக்குப் போனபோது, ஜன்னலுக்கான பலகைகள் கொட்டகையில் முக்கி மூடிய அடுக்கில் எட்டு நாளாக இருந்தன. எனக்கு அவசரம். ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் தாளை விலக்கி, ஒரு பலகையை உருவி, முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி அறுத்தார். மழைக்கு ஒதுங்கி, வெட்டுமுகத்தை விளக்குச் சூட்டில் காயவைத்து இரண்டு குப்பியிலிருந்தும் தடவினார். சுற்றிலும் சிவந்தது. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் அப்படியே நின்றது.

"பாத்துக்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டு, மிச்சப் பலகையை அடுக்கிலேயே சொருகி, தாளை இழுத்து மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சேர இரவாகிவிட்டது. மழை விட்ட புழுக்கம். அடுக்களைப் பல்பைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அம்மா விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்து விளக்கைப் போட்டு, அதற்கு அடியில் ஒரு வட்டையில் தண்ணீர் வைத்தாள்.

"ஜன்னல் எப்ப வரும்?"

"மஞ்சள் முழுசாச் சிவக்கணும்மா. இன்னும் ரெண்டு, மூணு வாரம்."

"வரட்டும்" என்றாள். "இத்தனை வருசம் பொறுத்தாச்சு."

காலையில் எழுந்து பார்த்தேன். ஜன்னல் படியில் ஈசலின் உதிர்ந்த சிறகுகள், மெல்லிய வெங்காயத் தோல் போல. அவற்றுக்கு நடுவே நேற்றைய கணக்குக்கு ஒரு சிட்டிகை கசகசா.